இடுப்பிலே துப்பாக்கி, இதயத்திலே எது?

குடும்பத் தலைவன் ஒருவன், தன் மனைவி மக்களைக் காப்பதற்காக, ரவை நிரப்பிய கைத்துப்பாக்கியை இடுப்பிலே மறைத்துக்கொண்டு கடைக்கும் கோவிலுக்கும் போய்வரலாமா? போய்வருவதோடு நில்லாமல், வாரந்தோறும் பயிற்சிக்கூடம் சென்று, மனித உருவம் வரைந்த கடதாசியின் நெஞ்சைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகலாமா? அப்படிப் பழகுகின்றவன், பகைவனையும் நேசிக்கச் சொன்ன ஆண்டவரின் சீடனாகத் தொடர்ந்து இருக்க முடியுமா?

எமது ஊர்களில் இக்கேள்வி சாதாரண வீடுகளிலே எழுவதில்லை. துப்பாக்கியின் ஓசையை நாம் அறிவோம். ஆனால் அதை ஒரு குடும்பத் தலைவன் தன் இடுப்புப்பட்டியோடு சேர்த்து அணியும் பொருளாக நாம் அறியோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இது அன்றாடக் கேள்வி. பியூ ஆய்வு நிலையம் 2023ஆம் ஆண்டில் எடுத்த கணிப்பின்படி, அந்நாட்டில் வளர்ந்தோருள் 32 வீதமானோர் சொந்தத்தில் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். அவர்களுள் 72 வீதமானோர் அதற்குரிய முக்கிய காரணமாகப் பாதுகாப்பையே குறிப்பிட்டனர். இவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்களும் உண்டு. எம்மவர் குடும்பங்களும் அந்நாட்டிலே குடியேறி வாழ்வதால், அங்குள்ள அயலவரின் கேள்வி நாளை எம் பிள்ளைகளின் கேள்வியும் ஆகலாம். ஆதலால் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

கருவியும் அதன் சொந்தக்காரனும்

முதலில் இக்கருவியைப் பற்றி ஒரு சிறு விளக்கம். அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கி என்பது, விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு வேட்டு மட்டும் தீர்ப்பது. ஆனால் அந்த ஒரு வேட்டின் உந்துவிசையே மேற்புறத்து இரும்புப் பாகத்தைப் பின்னே தள்ளி, வெற்றுக் கோதை வெளியே வீசிவிடுகிறது. உள்ளே அமுங்கிய சுருள்வில் அப்பாகத்தை முன்னே தள்ளும்போது, பிடியினுள் அடுக்கியிருக்கும் ரவைகளில் அடுத்தது குழலுக்குள் ஏறிவிடுகிறது. சுடுபவன் செய்ய வேண்டியதெல்லாம் விரலை மறுபடியும் அசைப்பதுதான். யூட்டா மாநிலத்தவரான ஜோன் மோசஸ் பிறவுணிங் வகுத்த கைத்துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டது. அதன் ரவைக்கூட்டில் ஏழு ரவைகள். நிறை ஒரு கிலோவுக்கு மேல். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் துப்பாக்கியின் சட்டகம் பிளாஸ்ரிக்கினால் ஆனது. அது 17 ரவைகள் கொள்ளும். பெருவிரலால் நகர்த்தும் பாதுகாப்புக் கட்டை அதில் இல்லை. பாதுகாப்பு உள்ளேயும் விசையிலுமே அமைந்திருக்கிறது. இன்று மறைத்து அணிவதற்கென்றே அரைக் கிலோ அளவான சிறு துப்பாக்கிகள் விற்பனையாகின்றன.

இவற்றில் பெரும்பாலானவை பாவிக்கும் 9 மில்லிமீற்றர் ரவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் உருவானது. அதற்குப் 'பராபெல்லம்' என்று பெயர். சமாதானம் வேண்டுமாயின் போருக்கு ஆயத்தம் செய் என்னும் பழைய இலத்தீன் முதுமொழியிலிருந்து எடுத்த பெயர் அது. நாம் ஆராயப்போகும் கேள்வி முழுவதும் அந்த ஒரு பெயரிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இனி, அணிபவனின் அனுபவத்தைக் கவனிப்போம். துப்பாக்கியை வாங்கிவிட்டால் காரியம் முடிந்துவிடுவதில்லை. அதன் பாரத்தைத் தாங்கும் தடித்த இடுப்புப்பட்டி வேண்டும். விசையை முழுமையாக மூடிநிற்கும் உறுதியான உறை வேண்டும். துருத்தல் தெரியாதபடி சற்றுப் பெரிய சட்டை வேண்டும். காரில் அமர்ந்தால் அது விலாவில் இடிக்கும். குழந்தையைத் தூக்கினால் இடையில் உறுத்தும். முதற் சில வாரங்களில், தெருவிலே போகும் எல்லோரும் தன் இடுப்பையே பார்ப்பதாக அணிபவனுக்குத் தோன்றும். சில மாதங்கள் சென்றபின் அது பணப்பையைப் போலாகிவிடும், இருப்பதே மறந்துபோகும். முதலில் கூச்சப்பட்ட மனம் பின்னர் கூச்சப்படுவதில்லை. இந்த மாற்றத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட காலம் அணிந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றனர். ஒரு சாரார், துப்பாக்கியை அணியத் தொடங்கியபின் தாம் முன்னிலும் சாந்தமானவர்களாகிவிட்டதாகக் கூறுவர். வீதியில் ஒருவன் வாகனத்தை வெட்டிச் சென்றால் முன்பு ஏசியவர்கள் இப்போது வழிவிடுகிறார்கள். மதுவருந்தும் இடங்களுக்குப் போவதில்லை. வாக்குவாதம் தொடங்கினால் அவ்விடத்தை விட்டு விலகுகிறார்கள். சிறு சச்சரவும் தம் இடுப்பிலுள்ள பொருளினால் பெருங்கேடாய் முடியக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். மற்றச் சாராரோ, உணவகத்தில் வாசலைப் பார்த்தபடிதான் அமருவர். வருவோர் போவோரின் கைகளையே கவனிப்பர். அந்நியன் எவனையும் முதலில் ஆபத்தாகவே எண்ணுவர். விழிப்பு எங்கே முடிகிறது, சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. கருவி இரு சாராரிடமும் ஒன்றுதான். உள்ளே பழகிய பழக்கம் வேறு.

பயிற்சி எதைக் கற்பிக்கிறது?

பயிற்சியில்லாமல் துப்பாக்கி அணிவது, நீந்தத் தெரியாதவன் பிறரைக் காப்பாற்றக் கடலில் குதிப்பது போன்றது. புதியவன் விசையை இழுக்கும் கணத்துக்கு முன்னரே அதிர்ச்சியை எதிர்பார்த்துக் கண்ணை மூடுகிறான். கை தானாகவே குழலைக் கீழே அமுக்குகிறது. ரவை நிலத்தை நோக்கிப் போகிறது. பிடி தளர்ந்திருந்தால் மேற்பாகம் முழுமையாகப் பின்னே போகாது; வெற்றுக் கோது வாயிலிலே சிக்கி, இரண்டாவது வேட்டுத் தீராது. இவற்றையெல்லாம் திருத்த வேண்டுமாயின் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பழக வேண்டும். அணியத் தொடங்குமுன் அதே துப்பாக்கியில் சில நூறு ரவைகளைச் சிக்கலின்றிச் சுட்டுப் பார்க்குமாறு பயிற்சியாளர் கூறுவர். வீட்டிலே ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, வெறுந்துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் குறிபார்க்கும் பயிற்சியும் உண்டு.

ஏன் இத்தனை வேகம்? சோல்ற் லேக் நகரப் பொலிஸ் அதிகாரியான டெனிஸ் ரூலர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றிலே, கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் நம்மை எட்டிவிடுவான் என்று காட்டினார். ஆலோசிக்க நேரமில்லை என்பது இதன் பொருள். ஆகவே ஆலோசனை முழுவதும் முன்னரே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

1976இல் அரிசோனா மாநிலத்திலே கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் நிறுவிய ஜெவ் கூப்பர் என்பவர், நான்கு பாதுகாப்பு விதிகளைப் பரப்பினார். எந்தத் துப்பாக்கியும் ரவை நிரம்பியதென்றே கருத வேண்டும். அழிக்க மனமில்லாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக்கூடாது. குறி சரியாகும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் இருப்பது எது என்று நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்நான்கிலும் எப்படிச் சுடுவது என்று ஒன்றுமே இல்லை; நான்கும் கையை அடக்குவதைப் பற்றியவை. நல்ல பயிற்சியாளர் இன்னுமொன்றும் சொல்லுவர்: எடுப்பதில் வேகம் வேண்டும், உறையில் திரும்ப இடுவதிலோ அவசரமே கூடாது. அவசரமாகத் திரும்ப இடும்போதுதான் சட்டையின் நுனி விசையிலே சிக்கி, தன் காலையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

வேதமும் மறைவல்லுநரும்

இனி எம் கேள்விக்கு வருவோம். கடைசி இராப்போசனத்தின்போது சீடரிடம் இரண்டு வாள்கள் இருந்தன என்று லூக்காஸ் நற்செய்தி கூறுகிறது. அவ்வேளை ஆண்டவர் வாளைப்பற்றிக் கூறியதற்கு மறைநூல் அறிஞர் பலவாறு பொருள் கூறுவர். ஆனால் சில மணி நேரத்தின்பின் ஜெத்சமனியில் நடந்தது தெளிவானது. இராயப்பர் வாளை உருவிப் பிரதான குருவின் ஊழியனை வெட்டினார், காது அறுந்தது. ஆண்டவர் வாளை உறையில் இடச் சொன்னார். அத்தோடு நில்லாமல், காயம்பட்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். தம்மைக் காப்பதற்காகத் தம் சீடன் உண்டாக்கிய காயத்தைத் தாமே ஆற்றினார்.

திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் இதில் மிகவும் கண்டிப்பாக இருந்தனர். ஆயுதமேந்திய கள்வன் தாக்கினாலும், தன் உயிரைக் காப்பதற்காக அன்பைக் கெடுத்துக்கொள்ளலாகாது என்னும் கருத்துப் புனித அம்புறோசியாருடையது. தன்னுயிருக்காகப் பிறனைக் கொல்வதைப் புனித அகுஸ்தீனாரும் ஏற்கவில்லை. பிறரைக் காக்கும் கடமையுள்ள போர்வீரனுக்கும் பொது அதிகாரிக்கும் மாத்திரம் விலக்களித்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குயினாஸ் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார். ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். ஒன்று நாம் கருதியது, மற்றது கருத்துக்குப் புறம்பாக வருவது. தன்னைக் காப்பவன் கருதுவது தன் உயிரின் காப்பை. தாக்கியவனின் மரணம் அவன் கருதாமலே நேரலாம். எனவே தற்காப்புப் பாவமன்று. ஆனால் அவர் இரண்டு கடுமையான நிபந்தனைகளை விதித்தார். தேவைக்கு மிஞ்சிய பலத்தை உபயோகித்தால் அது தவறாகும். அத்துடன், பொது அதிகாரமில்லாத தனிமனிதன் தன்னைக் காக்கும்போதும் கொல்வதையே நோக்கமாகக் கொள்ளலாகாது.

1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதே போதனையைத் தழுவி, பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவனுக்கு நியாயமான பாதுகாப்பு உரிமை மட்டுமன்றிப் பாரதூரமான கடமையாகவும் ஆகலாம் என்கிறது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடலிலும் இதனை எடுத்துரைத்தார். வீரத்துவமான அன்பினால் ஒருவர் தன் தற்காப்பு உரிமையைத் துறக்கலாம் என்பதையும் சேர்த்தே கூறினார். குருக்களைப் பொறுத்தவரை, 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அவர்கள் ஆயுதம் அணிவதைத் தடுத்தது. ஆயினும் அச்சத்துக்கு நியாயமான காரணம் உள்ளபோது விலக்களித்தது. ஆக, திருச்சபை கண்ணை மூடிக்கொண்டு தடுக்கவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவுமில்லை.

பழகியவனின் நோக்கம்

இங்கேதான் சிக்கல் எழுகிறது. திடீரெனத் தாக்கப்பட்டு, கையில் அகப்பட்ட உலக்கையால் அடித்தவனின் நோக்கம் தன்னுயிர்க் காப்பு என்பதை எளிதில் ஏற்கலாம். ஐந்து வருடமாக வாரந்தோறும் மனித உருவத்தின் நெஞ்சைச் சுட்டுப் பழகியவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? மரணம் அவன் கருத்துக்குப் புறம்பானது என்று எந்த முகத்தோடு கூறுவது?

அமெரிக்கப் பயிற்சியாளர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர். நாங்கள் கொல்வதற்குக் கற்பிப்பதில்லை, தாக்குதலை நிறுத்துவதற்கே கற்பிக்கிறோம் என்பர். நெஞ்சைக் குறிபார்ப்பது, அது பெரிய இலக்கு என்பதாலும், கையையோ காலையோ குறிபார்த்தால் ரவை தவறிப் பின்னால் நிற்கும் அப்பாவியைத் தாக்கும் என்பதாலுமே என்பர். இது வழக்கறிஞருக்காக உண்டான சொல் என்று சிலர் நகைக்கலாம். எனினும் புனித தோமஸ் காட்டிய வேறுபாடும் இதுவே. ஆனால் வேறுபாட்டை வாயால் சொல்வது போதாது. அது செயலில் தெரிய வேண்டும். தாக்கியவன் திரும்பி ஓடும்போது துப்பாக்கி தாழ்கிறதா? பணப்பையைக் கொடுத்துத் தீரக்கூடிய விடயத்தை அப்படியே தீர்க்க மனம் இருக்கிறதா? விழுந்தவன் இனி ஆபத்தற்றவன் ஆனபின், அவன் குருதியை நிறுத்தக் கை முன்வருமா?

பயிற்சியாளருள் சிலர், துப்பாக்கியோடு குருதிக்கசிவை நிறுத்தும் இறுக்குப்பட்டியையும் காயக்கட்டுத் துணியையும் எப்போதும் கொண்டுசெல்ல வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். துப்பாக்கி ஒரு வாழ்நாளில் ஒருதரமும் தேவைப்படாதிருக்கலாம். வீதி விபத்திலே இறுக்குப்பட்டி அடுத்த மாதமே தேவைப்படலாம். இடுப்பில் துப்பாக்கியும் பையில் இறுக்குப்பட்டியும் இருப்பவனைப் பார்த்து, இவன் உயிரைக் காக்க நினைப்பவன் என்று நாம் நம்பலாம். துப்பாக்கிக்கு ஆயிரக்கணக்கில் ரவை வாங்கியவன், காயக்கட்டு ஒன்று வாங்க ஒருபோதும் எண்ணவில்லையாயின், அவன் எதற்குப் பழகுகிறான் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதே புனித தோமஸ், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, நற்பழக்கமும் தீப்பழக்கமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால் உண்டாகின்றன என்றார். உறையிலிருந்து எடுத்துச் சுடுவதை மட்டும் பத்தாயிரம் தடவை பழகியவனுக்கு, நெருக்கடி வரும்போது கை வேறு வழி அறியாது. விலகிப் போவது, உரத்துக் கூவி எச்சரிப்பது, சுடாமல் விடுவது ஆகியவற்றையும் பழகியிருந்தால்தான் அவை அவ்வேளை கைகூடும். சுட வேண்டிய உருவத்தையும் சுடக்கூடாத உருவத்தையும் கலந்து நிறுத்திப் பழக்கும் கூடங்கள் உண்டு. அவை கற்பிக்கும் நிதானம் குறி தவறாமையிலும் பெரியது.

இன்னுமொரு நுண்ணிய சோதனை இருக்கிறது. 'அவன் வந்தால் என் பிள்ளைகளைக் காப்பேன். ஆண்டவரே, அவன் வராதிருக்கட்டும்' என்று எண்ணுபவனும், 'வரட்டும் பார்க்கலாம்' என்று எண்ணுபவனும் வெளியிலே ஒரே மாதிரித்தான் பயிற்சி செய்கிறார்கள். முன்னவனிடம் இருப்பது ஆயத்தம். பின்னவனிடம் இருப்பது ஆசை. கோபத்தையும் இச்சையையும் செயலாகுமுன்னரே இதயத்தில் வைத்துத் தீர்த்த மலைப்பிரசங்கம், இந்த ஆசையையும் விட்டுவைக்காது. தான் வீரனாக நின்று ஒருவனைச் சுட்டு வீழ்த்தும் காட்சியை மனத்திலே திரும்பத் திரும்ப ஓட்டி இன்புறுபவன், ஒரு ரவையும் சுடாமலே தன் ஆன்மாவைப் புண்படுத்திக்கொள்கிறான்.

இரண்டு தேவாலயங்கள்

2019 டிசெம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. ரெக்சாஸ் மாநிலத்தில் வைற் செற்றில்மென்ற் என்னும் ஊரிலே, கிறிஸ்தவ சபையொன்றின் ஆராதனையின்போது ஒருவன் மறைத்துவைத்த துப்பாக்கியை எடுத்து இருவரைச் சுட்டுக் கொன்றான். அச்சபையின் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் ஒரே வேட்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஆறு வினாடிகளுக்குள் முடிந்தது. இரு நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கிருந்தனர். அத்தொண்டர் பல்லாண்டு பழகிய சூட்டுப் பயிற்சியாளர். இரண்டு வருடங்களுக்கு முன் அதே மாநிலத்தின் சதலண்ட் ஸ்பிரிங்ஸ் ஊரில், ஆராதனை வேளையில் 26 உயிர்கள் பலியானதை நினைத்தால், அந்த ஆறு வினாடியின் பெறுமதி விளங்கும். இறந்தவர்களுள் ஒருவரும் துப்பாக்கி அணிந்தவரே. எடுக்க முயன்றபோதே சுடப்பட்டார். அணிந்திருப்பது எல்லோரையும் காப்பாற்றுவதில்லை என்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது.

2015 யூன் 17ஆம் திகதி, தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்ரன் நகரில், கறுப்பின மக்களின் இம்மானுவேல் தேவாலயத்திலே வேதாகம வகுப்பில் அந்நியன் ஒருவனை அன்போடு சேர்த்துக்கொண்டார்கள். அவன் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியால் ஒன்பது பேரைக் கொன்றான். இரண்டு நாட்களின்பின் நீதிமன்றத்திலே, இறந்தோரின் உறவினர் சிலர் அழுதுகொண்டே அவனை மன்னிப்பதாகக் கூறினர். உலகம் திகைத்தது.

இவ்விரண்டில் எது கிறிஸ்தவம் என்று கேட்பது சரியான கேள்வியாகாது. அயலவரைக் காக்க எழுந்தவரும் கிறிஸ்தவக் கடமையைச் செய்தவர்தான், மன்னித்தவர்களும் அப்படியே. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. சுடுவதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது போலவே, மன்னிப்பதற்கும் பயிற்சி வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்காகச் செபத்திலும் வேத வாசிப்பிலும் ஊறியவர்களின் வாயிலிருந்தே அவ்வேளை அந்தச் சொல் வந்தது. கோவில்களைப் பொறுத்தவரை, 2014இல் ஜோர்ஜியா மாநிலம் துப்பாக்கிச் சட்டங்களைத் தளர்த்தியபோது, அத்லாந்தாப் பேராயர் வில்ற்றன் கிறெகரி ஆண்டகை தம் மறைமாவட்டக் கோவில்களுக்குள் துப்பாக்கி கொண்டுவரலாகாது என்று அறிவித்ததும் நினைவுகூரத்தக்கது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

துப்பாக்கி வாங்குபவன் வாசலுக்கு வெளியே நிற்கும் கள்வனை எண்ணியே வாங்குகிறான். கணக்கு வேறொன்றைச் சொல்லுகிறது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 20,958 பேர் பிறரால் கொல்லப்பட்டவர்கள். 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்ட மரணங்களில், துப்பாக்கியைப் பிடித்த கையும் மாண்ட உயிரும் ஒருவருடையதே.

துயரத்தில் எழும் தற்கொலை எண்ணம் பல வேளைகளில் சில நிமிடங்கள் உச்சத்தில் நின்று பின்னர் தணிவது. அந்த நிமிடங்களில் ஒருவர் வந்து கதவைத் தட்டினால் உயிர் தப்பும். துப்பாக்கி அந்த நிமிடங்களைத் தருவதில்லை. அதனால் முயன்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் இறந்துபோகின்றனர். பரீட்சையில் தவறிய மகன், வேலை இழந்த தகப்பன், மனம் சோர்ந்த தாய் ஆகியோர் உள்ள வீட்டிலே பூட்டாத துப்பாக்கி, கள்வனிலும் பெரிய ஆபத்து. ஆகையால், உடம்பில் அணியாத வேளைகளிலெல்லாம் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது ஒழுக்கக் கடமையாகும். வீட்டிலே துக்கமோ மனச்சோர்வோ புகுந்த காலத்தில், சட்டம் இடங்கொடுக்கும் வழியிலே அதை வெளியே ஒப்படைத்துவிடுவதும் அவ்வாறே. குடும்பத்தைக் காக்கவே வாங்கினேன் என்பவனின் வாக்கு உண்மையா என்பது இங்கேதான் முதலில் தெரியவரும்.

சட்டம் வேறு, மனச்சாட்சி வேறு

அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இலும், வீட்டுக்கு வெளியே அணிவதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று 2022இலும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து அணிவதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. புளோரிடா மாநிலம் 2005இல் இயற்றிய சட்டம், பொது இடத்தில் தாக்கப்படுபவன் பின்வாங்க வேண்டிய கடப்பாட்டை நீக்கியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

இச்சட்டங்கள் நல்லவையா என்பதை அந்நாட்டு மக்கள் தீர்மானிக்கட்டும். மனச்சாட்சிக்கு வேண்டியது ஒன்றுதான்: தண்டனை இல்லை என்பதனால் ஒரு செயல் சரியாகிவிடாது. பின்வாங்க வழி இருந்தும், பின்வாங்காமல் நின்று சுட்டவனைச் சட்டம் விட்டுவிடலாம். தேவைக்கு மிஞ்சிய பலம் தவறு என்ற புனித தோமஸின் அளவுகோல் அவனை அவ்வளவு எளிதில் விடாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எம் முதுமொழி. ஆத்திரக்காரனின் இடுப்பிலே துப்பாக்கியும் இருந்தால், இழந்த புத்தியைத் திரும்பப் பெற அவகாசம் கிடையாது.

ஓர் ஆத்துமசோதனை

முடிவாக என்ன சொல்லலாம்? உண்மையான, அண்மையான ஆபத்திலே வாழ்பவன், பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவன், பொறுமையுள்ளவன், ஒழுங்காகப் பழகுபவன் கைத்துப்பாக்கி அணிந்தால் திருச்சபையின் போதனை அவனைக் குற்றவாளியாக்காது. ஆபத்து வெகு தூரத்தில் இருக்க, அச்சத்தினாலோ பெருமையினாலோ அணிபவன், அதை இறக்கி வைப்பதே மேல். அணியாமல் ஆண்டவரில் நம்பிக்கை வைத்து நடப்பவனைக் கோழை என்று எவரும் சொல்லலாகாது.

இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் இரவுச் செபத்தின்போது தம்மைத் தாமே கேட்கக்கூடிய சில கேள்விகளைக் கீழே தருகிறோம்.

1. இன்று நான் சந்தித்த அந்நியரை மனிதராகப் பார்த்தேனா, ஆபத்தாகப் பார்த்தேனா?

2. இடுப்பில் துப்பாக்கி இருந்ததனால் யாரிடமாவது சற்று உரத்துப் பேசினேனா?

3. அதைப் பாவிக்க ஒரு சந்தர்ப்பம் வரவேண்டும் என்று என் மனத்தின் ஒரு மூலை ஆசைப்படுகிறதா?

4. இந்த நிமிடம் அது எங்கே இருக்கிறது? என் வீட்டில் யாருடைய கைக்கு அது எட்டும்?

5. சுடப் பழகிய நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது, காயத்தைக் கட்டவும் சண்டையைத் தணிக்கவும் பழகினேனா?

துப்பாக்கியே இல்லாத எமக்கும் இக்கேள்விகளில் சில பொருந்தும். நாவும் ஒரு கருவிதான். அதையும் நாம் தினமும் பழக்குகிறோம், பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்களை இலக்காக வைத்து. எதைப் பழகுகிறோமோ அதுவே, ஆலோசிக்க நேரமில்லாத வேளையில் எம்மிடமிருந்து வெளிப்படும்.

ஜெத்சமனியில் இராயப்பருக்கு வாளை எடுக்க யாரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை. உறையிலே திரும்ப இடுவதற்குத்தான் ஆண்டவரின் கட்டளை தேவைப்பட்டது. எடுக்கப் பழகிய ஒவ்வொருவரும் இடவும் பழகிக்கொள்வார்களாக.